ஒரே பெயரில் இரண்டு ஹோஸ்ட்: அந்த ராத்திரி இன்னும் உறுத்துகிறது

தக்கலைக்காரன்:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் வியாபாரியின் கணக்கு சர்வர். புது மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் (செட்டிங் கோப்பு) என் லேப்டாப்பில் இருக்கிறது. அதில் பழைய சர்வருக்கு 'கடை' என்ற ஹோஸ்ட், அதாவது சுருக்கப்பெயர், ஏற்கெனவே இருந்தது. அதை அழிக்காமல், அதே பெயரில் புது ஐபியோடு கீழே இன்னொன்று எழுதினேன். கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்ற நினைப்பு. ஆனால் எஸ்எஸ்எச் மேலிருந்து வாசித்து, ஒவ்வொரு செட்டிங்குக்கும் முதலில் கிடைப்பதையே எடுத்துக்கொள்ளும்.

ராத்திரி 11 மணி, நல்ல மழை. புது மெஷினில் கூட்டாளி போட்டிருந்த சோதனை டேட்டாபேஸை அழிக்க உள்ளே போனேன். ட்ராப் (அழிக்கும் கட்டளை) கொடுத்து என்டர் தட்டினால், பதில் வர நாலைந்து நொடி. வெறும் சோதனை டேட்டாவுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பழைய சர்வரில் நிஜக் கணக்கையே அழிக்கிறேன் என்று அந்த நொடிகளிலேயே புரிந்துவிட்டது, கைதான் எழவில்லை. முந்தைய நாள் பேக்கப் இருந்தது. அன்றைய ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் எடையெல்லாம் துண்டுச் சீட்டைப் பார்த்து வியாபாரி வீட்டு அம்மாதான் திரும்ப ஏற்றினார். ஏன் போச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆரல் காற்று:
அண்ணே, கான்ஃபிக்கை மட்டும் சொன்னால் எப்படி? புது ஐபிக்கு முதல்முறை போனால் சர்வரின் அடையாளமான ஃபிங்கர்பிரின்ட் காட்டி 'யெஸ்' கேட்கும். கேட்காமல் நேரே உள்ளே விட்டதே, அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

என் கதை முப்பந்தலில். காற்றாலைக் கணக்கெடுக்கும் ஒரு மெஷினில் பாஸ்வேர்டு லாகினை நிறுத்தி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் கீயை வேறு யூசருக்குள் போட்டிருக்கிறேன் என்பது, திறந்திருந்த விண்டோவையும் மூடிய பிறகுதான் தெரிந்தது. 'பெர்மிஷன் டினைடு'. ஆடி மாதம். வடசேரியில் பஸ் ஏறி, இறங்கி, மானிட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு இடத்தில் காற்று மானிட்டரோடு சேர்த்து என்னைத் திருப்பியே விட்டது. முதுகைக் காற்றுக்குக் கொடுத்து அப்படியே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

குளச்சல் கரை:
எனக்கு நடந்தது சின்னது. கீகளை வைத்திருந்து ஒவ்வொன்றாக நீட்டும் ஏஜென்டில் எட்டு கீ. சரியான கீ ஏழாவது. சர்வர் வழக்கமாக 6 முயற்சிதான் அனுமதிக்கும், அதற்குள் வெளியே தள்ளிவிட்டது. அரை நாள் கீ கெட்டுப்போச்சு என்றே தேடினேன்.

ஆனால் தம்பி, ஃபிங்கர்பிரின்ட் கேட்கவில்லை என்பதை ராத்திரி 11 மணிக்கு யார் கவனிப்பார்? அண்ணனைக் குறை சொல்வது சரியில்லை. செய்ய வேண்டியது வேறு. எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய ஜி ஆப்ஷன் போட்டு ஹோஸ்ட் பெயரைக் கொடுத்தால், இணைக்காமலே எந்த ஐபி, எந்த யூசர், எந்த கீ என்று காட்டிவிடும். நட்சத்திரம் போட்ட பொது ஹோஸ்டைக் கடைசியில் வையுங்கள், மேலே வைத்தால் அதன் யூசர் பெயரே எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் எந்த கீ என்று ஐடென்டிட்டி ஃபைல் எழுதி, 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி யெஸ்' சேருங்கள், அதை மட்டும்தான் நீட்டும். பிரைவேட் கீக்கு 600 பெர்மிஷன், அதாவது உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத. சர்வர் பக்கம் செட்டிங்கை மாற்றினால், அங்கே ஓடும் எஸ்எஸ்எச்டி புரோகிராமின் சின்ன டி ஆப்ஷனால் பிழை பாருங்கள், பழைய விண்டோவை மூடாமல் இன்னொரு விண்டோவில் நுழைந்து பாருங்கள். மழை நேரத்தில் லைன் விட்டுவிட்டு வருகிறதா? 'சர்வர் அலைவ் இன்டர்வல் 30' போடுங்கள், 30 நொடி சத்தமில்லை என்றால் சர்வர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும்.

தக்கலைக்காரன்:
பெரிய ஜி எனக்குத் தெரியாது, நன்றி. ஆரல் தம்பி சொன்னதும் உண்மை, கேட்கவே இல்லை. அந்த அம்மா கரண்ட் போனதால் அழிந்தது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.