லைன் கார்டு: ‘வரி அட்டை’ வேண்டாம், ‘துறைப்பலகை’ ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம். இணையத்தில் தரவை அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்கும் பெட்டி திசைவி (ரவுட்டர்). வெளியிலிருந்து வரும் இணைப்புகள் வந்து சேரும் அதன் அட்டைதான் லைன் கார்டு. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்; வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> லைன் என்றால் வரி, கார்டு என்றால் அட்டை. ‘வரி அட்டை’ என்றே வைத்துவிடலாமே?

வைத்தால் படிக்கிறவர் நேரே வருமான வரி அலுவலகத்துக்குப் போய்விடுவார். இங்கே வரும் லைன், எழுத்து வரியும் அல்ல, கோடும் அல்ல. தொலைபேசி நிலையத்தில் சந்தாதாரர் வீட்டுக் கம்பி வந்து முடிகிற அட்டைக்கு வழங்கிய பெயர் அது. திசைவிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

> அப்படியானால் ‘இடைமுக அட்டை’ போதுமே.

கணினியில் செருகும் நெட்வொர்க் கார்டுக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இரண்டும் செய்கிற வேலையோ மலைக்கும் மடுவுக்கும். பெயர் வைப்பதற்கு முன் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

1990களின் பிற்பகுதியில் வந்த சிஸ்கோ 12000 திசைவி வரிசையை எடுத்துக்கொள்கிறேன். அதில் வழிச்செயலி என்று ஓர் அட்டை உண்டு. அண்டைத் திசைவிகளோடு பேசி வழி அட்டவணையைத் தயாரிப்பது அதன் வேலை. ஆனால் கடந்து செல்லும் பொதிகளை, அதாவது தரவுப் பொட்டலங்களை, அது தொடுவதே இல்லை. அட்டவணையிலிருந்து தேடலுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஒவ்வொரு லைன் கார்டுக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுகிறது. ஒளியிழையில் பொதி வந்ததும் லைன் கார்டே அதன் தலைப்பைப் படிக்கிறது. சேருமிட முகவரியோடு மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டை, அதாவது முகவரியின் தொடக்கப் பகுதியை, அட்டவணை நகலில் தேடுகிறது. பொதி முடிவில்லாமல் சுற்றாதிருக்க அதில் எழுதியிருக்கும் ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. 64 பைட் துண்டுகளாக நறுக்கி, நடுவில் எல்லாக் கார்டுகளையும் இணைக்கும் குறுக்கிணைப்பி வழியே வெளியேற்றும் கார்டுக்கு அனுப்புகிறது. அங்கே துண்டுகள் மறுபடி பொதியாகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வரிசை ஏற்பாடு. உள்ளே வரும் கார்டில் ஒரே வரிசை இருந்தால், நெரிசலான கார்டுக்குப் போகவேண்டிய பொதி முன்னால் நின்றுகொண்டு, காலியான கார்டுக்குப் போகும் பொதிகளையும் மறித்துவிடும். அதனால் வெளியேறும் கார்டு ஒவ்வொன்றுக்கும் உள்வரும் கார்டிலேயே தனி வரிசை. இத்தனையும் செய்கிற ஒன்றை வெறும் ‘இடைமுகம்’ என்பது அநியாயம்.

இந்தத் தேடல் நகல் எவ்வளவு முக்கியம் என்பது 2014 ஆகஸ்ட் 12 அன்று தெரிந்தது. இணையத்தின் வழி அட்டவணை 5,12,000 வழிகள் என்ற எல்லையைத் தாண்டியதும், பழைய திசைவிகள் பலவற்றில் தேடல் நினைவகம் நிரம்பிப் பல வலையமைப்புகள் தடுமாறின.

என் பரிந்துரை: துறைப்பலகை. கம்பி செருகும் போர்ட்டுக்குத் ‘துறை’ என்பது நம் சொற்பட்டியல்களில் முன்பே இருக்கிறது. துறை என்பது படகு கரை தொடுகிற இடம் மட்டுமா? வந்த சரக்கைப் பார்த்து, சுங்கம் வாங்கி, போகவேண்டிய பக்கம் அனுப்பிவைப்பதும் அங்கேதான். ‘பலகை’ ஏன் என்றால், ‘தாய்ப்பலகை’ நிலைத்துவிட்டது. அரசு அலுவலக வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை நினைவுக்கு வரும் என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். வரட்டும், பாதகமில்லை.

> சரி, பகுதிகளைக் கழற்றி மாற்றக்கூடிய மாடுலர் லைன் கார்டு? ‘கூறுநிலைத் துறைப்பலகை’யா?

வாய் வலிக்கிறது. அடைமொழியே தேவையில்லை என்பேன். சிஸ்கோ ஏ.எஸ்.ஆர். 9000 திசைவியில் இவ்வகைக் கார்டு என்பது, பொதி அனுப்பும் சில்லுகளைச் சுமக்கும் அடிப்பலகையும் அதில் இரண்டு குழிகளும்தான். ஒரு குழியில் 10 கிகாபிட் துறை நான்கு கொண்ட சிறு அட்டையையும், மற்றதில் 1 கிகாபிட் துறை இருபது கொண்டதையும் செருகலாம். தேவை மாறினால் சிறு அட்டையை மட்டும் மாற்றினால் போதும்; விலை கூடிய சில்லுகள் அப்படியே இருக்கும். 1998இல் வந்த ஜூனிப்பர் எம்40 திசைவியிலும் ஏறத்தாழ இதே அமைப்புதான், பெரிய அட்டை ஒன்றில் நான்கு சிறு அட்டைகள். ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இரண்டே சொல் போதும். பெரியது தாங்குபலகை, சிறியது துறைச்செருகி.

கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “மூன்றாம் தாங்குபலகையின் இரண்டாம் துறைச்செருகியைக் கழற்றி மாற்றவும். திசைவியை நிறுத்த வேண்டாம்.” எனக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.

அன்புடன்.