கார்லோஸ் சால்சேடோவின் மாணவியிடம் ஹார்ப் கற்ற நாட்கள்

நண்பர்கள் பலரும் தாம் நேரில் சந்தித்த இசைக்கலைஞர்களைப் பற்றி எழுதி வருகிறீர்கள். நான் எழுதவிருப்பவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஹார்ப் என்ற பெரிய மேற்கத்தியத் தந்தி வாத்தியத்தின் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆசிரியருமான கார்லோஸ் சால்சேடோ, நான் பிறப்பதற்கு முன்பே, 1961 ஆகஸ்டில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் காலமாகிவிட்டார். எனினும், பணி நிமித்தமாகப் பிலடெல்பியாவில் குடியிருந்த காலத்தில், இளமையில் அவரிடமே பயின்ற ஒரு முதிய ஆசிரியையிடம் ஹார்ப் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த அம்மையாரின் ஒவ்வொரு திருத்தத்திலும் அவருடைய ஆசிரியரின் குரல் ஒலித்தது என்பதால், சால்சேடோவைச் சந்தித்ததாகவே நான் கருதுகிறேன்.

சால்சேடோவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1885இல் பிரான்சின் கடற்கரை ஊரான ஆர்க்கஷோனில் பிறந்த அவர், பாரிஸ் இசைக் கல்லூரியில் பயின்று, 1901இல் ஹார்ப், பியானோ ஆகிய இரண்டு வாத்தியங்களுக்கும் ஒரே நாளில் முதற்பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது 16. இத்தாலிய இசைக்குழு நடத்துநர் அர்த்துரோ தொஸ்கனினியின் அழைப்பின் பேரில் 1909இல் நியூயார்க் சென்று மெட்ரோபாலிட்டன் ஓப்பரா என்ற இசைநாடக நிறுவனத்தின் ஹார்ப் கலைஞரானார். சில ஆண்டுகளிலேயே அந்தப் பதவியை விட்டு விலகித் தனிக் கச்சேரிகளுக்கும் சிறு குழு இசைக்கும் வந்துவிட்டார். 1921இல் இசையமைப்பாளர் எட்கார் வரேஸுடன் இணைந்து அவர் தொடங்கிய சர்வதேச இசையமைப்பாளர் அமைப்புதான், ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷொன்பெர்க்கின் 'பியரோ லுனேர்' படைப்பை 1923இல் அமெரிக்காவில் முதன்முதலாக மேடையேற்றியது. ஹார்ப் என்றாலே வரவேற்பறையில் ஒலிக்கும் மென்மையான வாத்தியம் என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அதை வாசித்த ஒருவர் புதிய இசையின் முன்னணியில் நின்றார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஹார்ப்பைப் பார்த்திராதவர்களுக்காக அதன் அமைப்பைச் சற்று விளக்குகிறேன். முழு அளவுள்ள கச்சேரி ஹார்ப்பில் 47 தந்திகளும், அடியில் 7 பெடல்களும் இருக்கும். வாசிப்பவருக்கு அடையாளம் தெரியும்பொருட்டு, மேற்கத்தியச் சுரப்பெயர்களில் 'சி' தந்திகள் சிவப்பாகவும் 'எஃப்' தந்திகள் கறுப்பாகவும் இருக்கும். ஒவ்வொரு பெடலும் ஒரு சுரத்துக்குரியது. அதை மூன்று நிலைகளில் நிறுத்தலாம். எந்த நிலையில் நிறுத்துகிறோமோ அதற்கேற்ப அந்தச் சுரத்தின் எல்லாத் தந்திகளும் அரைச் சுரம் ஏறும் அல்லது இறங்கும். செபாஸ்தியன் எரார் 1810இல் காப்புரிமை பெற்ற இந்த இயங்குமுறையே இன்றுவரை அடிப்படையாக உள்ளது. இரு கைகளிலும் சுண்டுவிரலைப் பயன்படுத்துவதில்லை. எட்டு விரல்களே வாசிக்கின்றன.

நான் சிறுவயதில் வீணை கற்றவள். வீணையில் மீட்டிய பின்பும் இடக்கைக்கு வேலை இருக்கிறது; தந்தியை இழுத்தும் அசைத்தும் அந்த ஒரு மீட்டிலிருந்தே கமகத்தை வரவழைத்துவிடலாம். ஹார்ப்பில் விரல் தந்தியை விட்டு நீங்கியதும் ஒலி நம் கையை விட்டுப் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அது தானாக நிற்பதில்லை என்பதுதான். குறிப்பாகத் தாழ்ந்த கம்பித் தந்திகள் நெடுநேரம் அதிர்ந்துகொண்டே இருப்பதால், அடுத்த சுரக்கூட்டு (ஒன்றாக மீட்டும் பல சுரங்கள்) பழைய சுரக்கூட்டின் மேல் விழுந்து இரண்டும் கலங்கிவிடும். பியானோவில் இந்த வேலையை விசையோடு இணைந்த கம்பளிக் கட்டை பார்த்துக்கொள்கிறது. ஹார்ப்பில் வாசிப்பவரின் உள்ளங்கைதான் அதைச் செய்யவேண்டும்.

சால்சேடோவின் போதனை இந்த இடத்தில்தான் வேர்கொண்டிருக்கிறது என்பது என் துணிபு. ஒரு சுரத்தைத் தொடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையை அதை முடிப்பதற்கும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதை அவர் முறைப்படுத்தினார். எந்தத் தந்தியை எப்போது அடக்குவது, ஒரு கையால் அடக்குவதா இரு கைகளாலுமா, தாழ்ந்த தந்திகளை மட்டுமா அனைத்தையுமா என்பவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறியீடுகளை வகுத்துத் தம் படைப்புகளில் எழுதிவைத்தார். 1921இல் வெளிவந்த அவருடைய 'மாடர்ன் ஸ்டடி ஆஃப் த ஹார்ப்' என்ற நூலிலும், தம் மாணவியும் அப்போதைய மனைவியுமான லூசில் லாரன்ஸுடன் சேர்ந்து 1929இல் வெளியிட்ட பாடநூலிலும் இவற்றைக் காணலாம்.

என் ஆசிரியை முதல் சில மாதங்கள் எனக்கு ஒரு மெட்டையும் தரவில்லை. முழங்கையைத் தரைக்கு இணையாக உயர்த்தி, கட்டைவிரலை மேல்நோக்கி நிறுத்தி, மற்ற விரல்களைத் தந்தியில் முன்னதாகவே பதித்து, மீட்டியதும் அவற்றை உள்ளங்கைக்குள் முழுமையாக மடக்கவேண்டும். ஒரு சுரக்கூட்டை மீட்டிவிட்டு நான் கைகளை அப்படியே தொங்கவிட்டபோது, அவர் தம் ஹார்ப்பில் அதே சுரக்கூட்டை வாசித்துக் காட்டினார். அவருடைய இரு கைகளும் தந்திகளிலிருந்து எழுந்து, ஒலி வளரும் வேகத்திலேயே மேலே சென்று, ஒரு கணம் நின்று, பின்பு நிதானமாக இறங்கித் தாழ்ந்த தந்திகளின் மேல் தட்டையாகப் படிந்தன. அடங்கும் நேரத்தில் துளி இரைச்சலும் கேட்கவில்லை. ஒலி முடியும்வரை கை அந்த ஒலிக்கே உரியது என்று அவர் சொன்னார்.

இந்தக் கையசைவுகள் வெறும் மேடை அலங்காரம் என்று குறைகூறுவோர் உண்டு. நடனக் கலைஞர் நிஜின்ஸ்கியுடன் ஆலோசித்தே சால்சேடோ இவற்றை வகுத்தார் என்று அவர் மாணவர்களிடையே சொல்லப்படுவதும் அந்த எண்ணத்தை வலுப்படுத்தியிருக்கலாம். அடுத்திருந்து பார்த்தவள் என்ற முறையில் அதை நான் ஏற்கவில்லை. கை எழும் வேகம் அடுத்த மீட்டின் காலத்தையும், இறங்கும் வேகம் அடக்கும் அழுத்தத்தையும் தீர்மானிக்கின்றன. அதேவேளை, மற்றொரு ஹார்ப் ஆசிரியரான மார்செல் கிராஞ்ஜானியின் வழியில் வந்தவர்கள் வலது மணிக்கட்டை ஒலிப்பலகையின் விளிம்பில் மெல்லச் சார்த்தியபடி மிக அழகாக வாசிப்பதையும் கேட்டிருக்கிறேன். ஆகவே உயர்த்திய முழங்கையே ஒரே வழி என்று வாதிட மாட்டேன்.

பின்னர் சால்சேடோவின் 'ஷான்சோன் தான் லா நுய்' என்ற இரவுப் பாடலை என் ஆசிரியை எனக்குக் கற்பித்தார். 1929ஆம் ஆண்டுப் பாடநூலிலேயே இடம்பெற்ற சிறு படைப்பு அது. நகத்தால் வருடும் ஒலி, விரல் கணுக்களால் ஒலிப்பலகையைத் தட்டும் ஒலி, தந்திகள் நெடுகிலும் கையை ஓட்டும் கிளிசாண்டோ என்று சால்சேடோ தேடித்தேடிச் சேர்த்த ஒலிகள் சில அதற்குள் உள்ளன. பாடம் கற்கும் மாணவரின் கையிலும் புதுமையான ஒலியை அவர் நம்பிக் கொடுத்தார் என்பதே அதில் என்னை மிகவும் கவர்ந்தது. பலகையைத் தட்டும் இடம் வந்ததும் என் ஆசிரியை என்னை நிறுத்தி, பலகையின் நடுவே ஒருமுறையும் கீழ்ப்பகுதியில் ஒருமுறையும் தட்டச் சொல்லி, இரண்டின் வேறுபாட்டையும் நான் வாய்விட்டு விவரித்த பின்னரே மேலே போகவிட்டார்.

ஆசிரியராகச் சால்சேடோ விட்டுச்சென்றது மிகப் பெரிது. 1924இல் பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் ஹார்ப் துறையை நிறுவியவர் அவரே. 1931இல் மெய்ன் மாநிலத்தின் கேம்டன் என்ற கடலோர ஊரில் கோடைகாலப் பயிலகத்தைத் தொடங்கினார். அவருடைய மாணவி எட்னா பிலிப்ஸ் 1930இல் பிலடெல்பியா இசைக்குழுவில் முதன்மை ஹார்ப் கலைஞராகச் சேர்ந்து, அக்குழுவின் முதல் பெண் உறுப்பினரானார். அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஹினஸ்தெராவின் புகழ்பெற்ற ஹார்ப் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எட்னா கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்டதே. இன்னொரு மாணவி ஆலிஸ் ஷாலிஃபூ 1931 முதல் 1974 வரை கிளீவ்லாந்து இசைக்குழுவில் வாசித்தார். சால்சேடோவின் மறைவுக்குப் பிறகு கேம்டன் பயிலகத்தையும் அவரே நடத்தினார். பெண்களை இசைக்குழுக்கள் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்த காலத்தில், அந்தக் கதவைத் திறந்தவர்களுள் பலர் ஒரே ஆசிரியரின் வகுப்பிலிருந்து வந்தார்கள் என்பதை இசை வரலாற்று நூல்கள் இன்னும் உரக்கச் சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன்.

வாத்தியத்தின் தோற்றத்தையும் சால்சேடோ விட்டுவைக்கவில்லை. சிகாகோவின் லயன் அண்ட் ஹீலி நிறுவனத்துக்காக ஓவியர் விட்டோல்ட் கார்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ஹார்ப்பில் வழக்கமான பூவேலைப்பாடுகள் கிடையாது. நேர்கோடுகளும் கோணங்களுமாக, அக்காலத்துக் கட்டடங்களின் சாயலில் நிற்கும். என் ஆசிரியையிடம் இருந்தது அந்த வகை ஹார்ப்பே.

கேட்க விரும்புவோர் அந்த இரவுப் பாடலிலிருந்தே தொடங்கலாம். அடுத்து, பழைய பாணியில் அமைந்த ஒரு மெட்டைப் பலவாறு மாற்றி வாசிக்கும்படி சால்சேடோ எழுதிய வேரியேஷன்களைக் கேளுங்கள். 1936இல் எழுதிய 'சிண்டிலேஷன்' என்ற ஹார்ப் படைப்பு அதற்குப் பிறகு எளிதில் பிடிபடும். அவரே வாசித்த பதிவுகளும் கிடைக்கின்றன. அவரிடம் பயின்ற ஜூடி லோமனின் பதிவுகளில் ஒலி இன்னும் தெளிவாக இருக்கும். கேம்டனில் கோடைகாலத்தைக் கழித்தவர்களிடம் பயின்றவர் யாரேனும் இங்கு இருந்தால், தாழ்ந்த தந்திகளை அடக்கும் முறையை உங்கள் ஆசிரியர் எப்படிக் கற்பித்தார் என்பதை அவசியம் எழுதுங்கள்.