முதல் வெரிஃபிகேஷன் வேலை: நேர்காணலில் உங்களை விட்டுப் போகாத ஒரு நிமிடம்

(சிப் டிசைன் சரியாக வேலை செய்கிறதா என்று தயாரிப்புக்கு முன் சோதிப்பதே வெரிஃபிகேஷன். அந்த வேலைக்கான நேர்காணலில் மறக்க முடியாத ஒரு நிமிடத்தை எழுதுங்கள்.)

மழைக்காலம்:

பெங்களூரு, அவுட்டர் ரிங் ரோடு, மூன்றாவது ரவுண்டு. கல்லூரி முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ரெஸ்யூமில் என் முதல் வரியே ஃபைஃபோவுக்கு (முதலில் வந்த டேட்டாவை முதலில் வெளியே தரும் வரிசை) நானாக எழுதிய யூவிஎம் டெஸ்ட் பெஞ்ச்தான், அதாவது வெரிஃபிகேஷனுக்கான ஒரு பொது முறைப்படி எழுதிய சோதனைக் கோடு. எதிரில் இருந்தவருக்கு அப்பா வயது இருக்கும். மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "ஈடிஏ பிளேகிரவுண்ட்ல தானே வெச்சிருக்கீங்க? ஓட்டிக் காட்டுங்கம்மா" என்றார். பிரவுசரிலேயே கோடை ஓட்டிப் பார்க்கும் தளம் அது. ஓட்டினேன். ஆயிரம் டிரான்சாக்‌ஷன், ஒரு எர்ரர்கூட இல்லை, கவரேஜ் (சோதிக்க நினைத்ததில் எவ்வளவு சோதித்தோம் என்ற அளவு) நூறு சதவீதம்.

அப்புறம் அவர் டிசைன் ஃபைலைத் திறந்து, மெமரிக்குள் டேட்டாவை எழுதுகிற அந்த ஒரே வரியைக் கமெண்ட் செய்தார். இனி அந்த ஃபைஃபோ எதையுமே சேமிக்காது. "இப்ப ஓட்டுங்க."

மறுபடியும் ஆயிரம். மறுபடியும் பாஸ்.

ஸ்கோர்போர்டில், அதாவது வந்த விடையை எதிர்பார்த்த விடையோடு சரிபார்க்கும் செக்கரில், ஒப்பிடும் இடத்தில் '!=' போட்டிருந்தேன். வெளியே வந்ததெல்லாம் எக்ஸ், அதாவது 0-வா 1-ஆ என்று தெரியாத மதிப்பு. எக்ஸோடு அப்படி ஒப்பிட்டால் விடையும் எக்ஸ்தான், இஃப் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும், எர்ரர் வரி ஓடவே ஓடாது. எக்ஸையும் வேறுபாடாகப் பிடிக்கும் '!==' என்று இருந்திருக்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அவர் கோபப்படவில்லை. "டிசைன் சரியா இருக்கானு பார்க்கிற வேலைம்மா இது. உங்க செக்கரை யார் பார்த்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

வேலை கிடைக்கவில்லை. திரும்பும் ரயிலில் காட்பாடி வரும்வரை அம்மாவின் போனைக்கூட எடுக்கவில்லை. நாலு மாதம் கழித்துச் சென்னையில் வேறு இடத்தில் சேர்ந்தேன். இன்றைக்கும் செக்கர் எழுதியதும் முதலில் டிசைனில் ஒரு வரியை உடைத்துப் பார்க்கிறேன், அது கத்துகிறதா என்று.

இரண்டாம் பெஞ்ச்:

எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆறு மாதப் பயிற்சி வகுப்பு, ஃபீஸுக்கு அம்மாவின் செயினை அடகு வைத்தோம். புராஜெக்ட் ஏஹெச்பி-ஏபிபி பிரிட்ஜ், சிப்புக்குள் டேட்டா போகும் இரண்டு வகைப் பாதைகளை (பஸ்) இணைக்கும் பகுதி.

போன மாத நேர்காணலில் அந்த மேடம் என் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, மேஜையில் இருந்த இன்னும் மூன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நாலிலும் அதே புராஜெக்ட், அதே வரிகள், ஒரு எழுத்துப்பிழை உட்பட. நான் அதுவரை அந்தப் பிழையைக் கவனித்ததே இல்லை. "சரி, ஸ்லேவ் பி-ரெடியைக் கடைசிவரை உயர்த்தவே இல்லைனா உங்க டெஸ்ட் என்ன பண்ணும்?" என்றார். கேட்டதைச் செய்யும் பக்கமான ஸ்லேவ், முடிந்தது என்று சொல்லும் சிக்னல்தான் பி-ரெடி. "அந்தக் கேஸ் எங்க புராஜெக்ட்ல இல்ல மேடம்" என்றேன். "எங்க" என்று சொன்னதை வெளியே வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

கரிசல்காட்டான்:

மழைக்காலம், அந்த ஆள் செய்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. கல்லூரி முடித்த பிள்ளையை இப்படி மடக்குவது எதற்கு? எக்ஸ் விஷயத்தில் பத்து வருட அனுபவசாலிகளே வழுக்கி விழுந்து பார்த்திருக்கிறேன்.

என் கதை சின்னது. 2016, ஆக்ஸி என்ற பஸ்ஸில் ஒரு பர்ஸ்ட் (ஒரே கோரிக்கையில் தொடர்ந்து போகும் டேட்டா) ஏன் 4 கேபி முகவரி எல்லையைத் தாண்டக் கூடாது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பேப்பர் கொடுங்கள், யோசிக்கிறேன் என்றேன். இருபது நிமிடம் முகவரிகளை எழுதி, பாதி பர்ஸ்ட் இன்னொரு ஸ்லேவுக்குள் போய்விடும் என்பதைக் கண்டுபிடித்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

தம்பி இரண்டாம் பெஞ்ச், அந்தப் புராஜெக்டை இன்றே ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடு. ஆர்ம் நிறுவனத்தின் தளத்தில் இந்த பஸ்களின் விதிகளைச் சொல்லும் ஆம்பா ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஏபிபி ரொம்பச் சின்னது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். படிக்கும்போதே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இது மீறப்பட்டால் என் டெஸ்ட் பெஞ்ச் கண்டுபிடிக்குமா" என்று பக்கத்தில் எழுது. அதுதான் உன் வெரிஃபிகேஷன் பிளான், கோடு எழுதும் முன்பே நேர்காணலில் காட்டலாம். யூவிஎம் பிறகு வரட்டும். கிளாஸ், ரேண்டம், கன்ஸ்ட்ரெயின்ட், கவர்குரூப், அசர்ஷன் இந்த சிஸ்டம்வெரிலாக் மொழி அடிப்படைகள் கையில் பழகாமல் யூவிஎம்மின் ஃபேக்டரி, சீக்வென்சர் என்று மனப்பாடம் செய்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். வீட்டில் சிமுலேட்டர் லைசென்ஸ் இல்லை என்று உட்காராதே, இலவசமான வெரிலேட்டர் இருக்கிறது. டிஜிட்டல் அடிப்படையை விடாதே, டேட்டா ஒரு கிளாக்கில் ஓடும் பகுதியிலிருந்து வேறு கிளாக்கில் ஓடும் பகுதிக்கு (கிளாக் டொமைன்) தாண்டும்போது கிரே கோடு (அடுத்தடுத்த எண்களில் ஒரு பிட் மட்டும் மாறும் முறை) எதற்கு என்பதை வரைந்து காட்டத் தெரியவேண்டும். இடையில் வேலையை விடமாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்துப் போடும் முன் வருடக்கணக்கையும் தொகையையும் படி. இன்னும் இருக்கிறது, ராத்திரி எழுதுகிறேன்.

நள்ளிரவு_ரன்:

கரிசல்காட்டான், மடக்கினார் என்று சொல்லாதீர்கள். மடக்குபவர் புதிர் போடுவார். இவர் வேலையையே எதிரில் வைத்துக் காட்டியிருக்கிறார். 1994-ல் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கு தப்பாக வந்ததே, வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் போனதுதான் காரணம். அதற்காக இன்டெல் 47.5 கோடி டாலரை ஒதுக்கவேண்டி வந்தது. எழுதப்படாத வரியை ஒரு செக்கரும் பிடிக்கவில்லை என்றால் அதுதான் நடக்கும். எனக்கு அப்படி ஒருவர் முதல் வருடத்தில் கிடைத்திருந்தால், டேப்-அவுட்டுக்கு (டிசைனைத் தயாரிப்புக்கு அனுப்புவது) இரண்டு வாரம் முன்பு ஒரு இன்டரப்டை (பிராசசரைக் குறுக்கிட்டு அழைக்கும் சிக்னல்) யாருமே டெஸ்ட் செய்யவில்லை என்று தெரிந்த அந்த இரவு எனக்கு வந்திருக்காது. அதைத் தனியாக எழுதுகிறேன், இங்கே அடங்காது.

மழைக்காலம்:

நள்ளிரவு_ரன் சொல்வதுதான் என் மனதில் இருப்பதும். எனக்கு அவர்மீது கோபமே இல்லை. பெயர் கேட்காமல் வந்துவிட்டேனே என்பதுதான் உறுத்துகிறது.

இரண்டாம் பெஞ்ச்:

கரிசல் அண்ணா, நன்றி. ஆவணத்தைப் பதிவிறக்கிவிட்டேன். ஏபிபியில் டைம்அவுட் என்று எதுவும் இல்லை, பி-ரெடி வரும்வரை, கேட்கும் பக்கமான மாஸ்டர் காத்துக்கொண்டேதான் இருக்கும். மேடம் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

நேற்று ராத்திரி பழைய பெஞ்சில் ஸ்லேவின் பி-ரெடியைத் தாழ்த்திக் கட்டிவிட்டு ஓட்டினேன். நிற்கவே இல்லை, நானாகத்தான் நிறுத்தினேன். பிறகு பெஞ்சில் சிக்னல்களைக் கவனிக்கும் மானிட்டர் பகுதியில் ஒரு கவுண்டர் வைத்தேன், 256 கிளாக் தாண்டினால் எர்ரர். மறுபடி ஓட்டியதும் திரையில் சிவப்பு வரி வந்தது. அம்மா விழித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, தப்பா வந்துடுச்சா?" என்றாள். இல்லம்மா, சரியா வந்திருக்கு என்றேன். புதன்கிழமை ஹைதராபாத்தில் ஒரு நேர்காணல் இருக்கிறது.