‘பார்ட்ஸ் கன்’: ஒட்டுத் துப்பாக்கி எனலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கிய சகோதரி, பழைய கைத்துப்பாக்கிகளைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது ‘பார்ட்ஸ் கன்’ (பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து ஆக்கிய துப்பாக்கி) என்ற சொல்லில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார். இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: உறுப்புத் துப்பாக்கி, போலித் துப்பாக்கி, கதம்பத் துப்பாக்கி.

முதலாவது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. உறுப்பே இல்லாத துப்பாக்கி எங்கே இருக்கிறது? ‘போலி’ அநியாயம். ஒட்டுப் போட்டதை ஒட்டுப் போட்டது என்று சொல்லியே விற்றால் அதில் பொய் ஏது? ‘கதம்பம்’ அழகான சொல்தான். ஆனால் பூக்கடைப் பக்கம் முழம் போட்டு விற்கும் கதம்பத்தில் எந்தப் பூவும் தலைமைப் பூ அல்ல. இங்கே ஒரு பாகம் தலைமை.

அது எப்படி என்பதற்கு ஜெர்மனியின் லூகர் நல்ல எடுத்துக்காட்டு. 1908இல் அந்நாட்டுத் தரைப்படை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி அது. பாகங்களை ஒன்றோடொன்று பொருந்தும்படி கையால் அராவிச் சேர்த்தார்கள். இன்னொன்றின் பாகம் இதில் சரியாக உட்காரும் என்ற உறுதி இல்லை. அதனால் மற்ற பாகங்களைத் தாங்கும் உடற்கூட்டில் துப்பாக்கியின் வரிசை எண்ணை முழுதாகவும், சிறு பாகங்களில் அதன் கடைசி இரண்டு இலக்கங்களையும் பொறித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றியவற்றைக் கழற்றிச் செப்பனிட்டபோது, எண் பார்க்காமல் கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டார்கள். எண்கள் எல்லாம் ஒத்திருப்பதற்குச் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது இதனால்தான்.

எங்கள் திருவொற்றியூரில் இதை விளக்கப் போர்க்கதை தேவையில்லை. 1955 முதல் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த ஊர். ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயரே, இங்கிலாந்தில் என்ஃபீல்டு ஊரின் அரசு ஆயுதத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கிப் பாகங்கள் செய்துகொடுத்த உறவில் வந்தது. பீரங்கிச் சின்னமும் அப்படியே. என் பழைய புல்லட்டில் சேசிஸ் ஒரு வண்டியுடையது, என்ஜின் இன்னொன்றுடையது. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்களும் இருக்கின்றன; அதை வாங்குவதற்குள் என் செருப்பு தேய்ந்தது தனிக்கதை. மெக்கானிக் அதைப் போலி வண்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. “ஒட்டு வண்டி சார், ஆனால் நன்றாக ஓடும்” என்பார்.

அந்த ‘ஒட்டு’தான் என் பரிந்துரை. ஒட்டு மாமரம் என்றால் யாரும் பசை தடவிய மரம் என்று நினைப்பதில்லை. வேர் ஒன்று, கிளை வேறொன்று, காய்ப்பது உண்மையான மாங்காய். ஆகவே:

பல துப்பாக்கிகளின் பாகங்களால் ஆனது: ஒட்டுத் துப்பாக்கி.
எல்லா எண்ணும் ஒத்திருப்பது: ஓரெண் துப்பாக்கி.
முழு எண்ணைத் தாங்கும் உடல்: தாய்க்கூடு.

தாய்க்கூட்டுக்குப் பதில் ‘சட்டம்’ (ஃபிரேம்) என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமாகவே கணக்கிடுகிறது. அதைப் பற்றிய பத்தியில் “சட்டத்தில் எண் இல்லை” என்று எழுதிப் பாருங்கள். எந்தச் சட்டம் என்று வாசகர் வக்கீலைத்தான் கேட்க வேண்டும். (அதே காரணத்தால் நம் ஊரில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி ஒட்டுவதைப் பொழுதுபோக்காகச் செய்ய வழியில்லை. சொல்லோடு நிறுத்திக்கொள்வோம்.) ‘தாய்க்கட்டை’யும் ஆகாது, துப்பாக்கியில் கட்டை என்றால் தோளில் அண்டக் கொடுக்கும் மரப்பகுதி.

எண் ஒத்த பாகங்களுக்கு ‘உடன்பிறப்புப் பாகங்கள்’ என்பது எனக்கு உண்மையில் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சொல்லை எழுதியதும் வாசகர் காதில் மேடைக் குரல் ஒன்று கேட்டுவிடும். ஓரெண் போதும்.

ஒன்றுதான் இடிக்கிறது. கட்டுரை பேசுவது கைத்துப்பாக்கி. ‘ஒட்டுக் கைத்துப்பாக்கி’ வாய்க்குள் நுழைய மறுக்கிறது. சுருக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். சகோதரி ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டுமாம்.