17 வயதுச் சிறுவனுக்கு முதற்கட்ட மதிப்பீடு: தெளிவாகப் பதில் சொன்னால் அதுவே அவனுக்கு எதிராகிவிடுமா?

கேள்வி: மாலை வகுப்பு ஆசிரியர், வியாசர்பாடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் நடக்கும் மாலை வகுப்பில் முன்பு படித்த ஒரு பையன், இப்போது 17 வயது, பெரியவர்கள் சிலரோடு சேர்த்து ஒரு கொலை வழக்கில் பிடிபட்டிருக்கிறான். சிறுவனை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்வதால் தெரு, தேதி எதையும் குறிப்பிடாமல், சிலவற்றை மாற்றியும் எழுதுகிறேன். வெட்டியவன் அவனல்லன், வண்டி ஓட்டியவன் என்றுதான் காவல்துறையே சொல்கிறது.

கெல்லிஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமம் அவனுக்கு முதற்கட்ட மதிப்பீடு நடத்தவிருக்கிறது. அந்தக் குற்றத்தைச் செய்வதற்கான மனத்திறனும் உடல்திறனும் அவனுக்கு இருந்தனவா, விளைவுகளைப் புரிந்துகொள்ள முடிந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்தது என்பவற்றைப் பார்த்து, பெரியவனாகக் கருதி விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று குழுமம் தீர்மானிக்கும் என்பது வரை எனக்குப் புரிகிறது. என் அச்சம் வேறு. அவன் சூட்டிகையானவன். சதவீதக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். அதே பையன், வெளியே கூட்டாளி ஒருவன் பைக்கை முறுக்கும் சத்தம் கேட்டால் நோட்டைக்கூட மூடாமல் எழுந்து போய்விடுவான். உளவியலாளர் அவனை உட்காரவைத்து, "ஒருவரை வெட்டினால் என்ன ஆகும்?" என்று கேட்டால், செத்துப்போவார், அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும், நான் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று வரிசையாகச் சொல்வான். அந்தத் தெளிவே அவனுக்கு வினையாகிவிடாதா? அவனுடைய தாயார், "சார், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே சொல்லச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி உளவியல் ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

பதில் 1: உளவியல் ஆய்வு மாணவி, பெரம்பூர்

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கும் பைக் சத்தமும், இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த விவாதத்தின் நடுப்புள்ளியிலேயே இருக்கின்றன. நிதானமாக யோசித்து முடிவெடுப்பதும், ஆவேசமோ நண்பர்களோ சூழ்ந்திருக்கும் வேளையில் தன்னை அடக்கிக்கொள்வதும் ஒரே வயதில் முதிர்வதில்லை. இந்தியா உட்பட 11 நாடுகளில், 10 வயது முதல் 30 வயது வரையுள்ள 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முதல் திறன் ஏறத்தாழ 16 வயதிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுவதும், இரண்டாவது 18ஐத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருப்பதும் தெரியவந்தது. ஆய்வாளர்கள் இதை முதிர்ச்சி இடைவெளி என்று அழைக்கிறார்கள்.

அதற்கு முன்பே, 2005இல், மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் கார் ஓட வேண்டும், விளக்கு மஞ்சளாகும், நிறுத்தாமல் ஓட்டினால் புள்ளி கூடும், ஆனால் எந்தக் கணத்திலும் மோதிவிடலாம். விடலைப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட, நண்பர்கள் இருவர் பக்கத்தில் இருந்தபோது ஏறத்தாழ இரு மடங்கு துணிந்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் கூட்டாளிகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி அதை ரீல்ஸாகப் போடும் நம் ஏரியாப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்கள்; தனியாக உட்கார்ந்து எவனும் அப்படிக் கேக் வெட்டுவதில்லை.

ஆனால் இந்த ஆய்வுகள் இரண்டு பக்கமும் கூர்மையுள்ளவை என்பதை மறைக்கக்கூடாது. தாமஸ் கிரிஸோ தலைமையில் அமெரிக்காவில் 1,393 பேரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நீதிமன்ற நடைமுறையைப் புரிந்துகொண்டு தன் தரப்பை நடத்தும் திறனில், 11 முதல் 13 வயதுள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும், 14, 15 வயதினரில் ஐந்தில் ஒரு பங்கினரும் கடும் குறைபாடு உடையவர்களாக இருந்தார்கள். 16, 17 வயதினரோ இளம் பெரியவர்களிலிருந்து வேறுபடவில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் இதைத் தாராளமாக எடுத்துக்காட்டலாம். இன்னொன்று, இவையெல்லாம் குழுக்களின் சராசரிகள். குறிப்பிட்ட ஒரு பையன், குறிப்பிட்ட ஓர் இரவில், எந்த அளவு முதிர்ச்சியோடு இருந்தான் என்பதைச் சில மாதங்கள் கழித்து, மின்விசிறிக்கு அடியில், எதிரே ஒரு பெரியவர் மட்டும் அமர்ந்திருக்கும் அறையில் அளந்து சொல்லும் சோதனை எதுவும் இல்லை. அந்த அறையில் வெளிப்படுவது அவனுடைய முதல் திறன் மட்டுமே. அறிக்கை எழுதும் உளவியலாளர் இந்த எல்லையை வெளிப்படையாக எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதாமல் புத்திக்கூர்மை எண்ணை மட்டும் போட்டு முடித்தால், சட்டம் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது.

பதில் 2: வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்

முதலில் வழக்கின் பிரிவைச் சரிபாருங்கள். 16 வயது நிறைந்தவர்மீது கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்று வகுக்கப்பட்ட குற்றம், சாட்டப்பட்டால் மட்டுமே 15ஆம் பிரிவின்படி இந்த மதிப்பீடு நடக்கும். கொலைக்கு அது பொருந்தும். கொலை முயற்சிக்கு அப்படிக் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால், ஷில்பா மித்தல் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அது கொடுங்குற்ற வகையில் வராது. வயதுக்கு முதல் சான்று பள்ளிச் சான்றிதழ், அது இல்லாதபோதுதான் மாநகராட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை.

உங்கள் அச்சத்துக்கு நேரான பதில் 2022 ஜூலையில் வந்த பருண் சந்திர தாக்கூர் வழக்கின் தீர்ப்பில் இருக்கிறது. புத்திக்கூர்மை இருப்பதும் விளைவுகளை உணர்வதும் ஒன்றல்ல என்றும், விளைவுகள் என்று சட்டம் பன்மையில் சொல்வது உடனடி விளைவை மட்டுமன்றி, பாதிக்கப்பட்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சிறுவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் பின்னாளில் நேரப்போகும் எல்லாவற்றையும் குறிக்கும் என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியது. குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இல்லையென்றால் வல்லுநரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்பதும் அதே தீர்ப்புதான்.

முதற்கட்ட மதிப்பீடு என்பது விசாரணை அல்ல என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. ஆகவே, சம்பவ நாளில் என்ன செய்தாய் என்று துருவுவது அதன் நோக்கமல்ல. காவல் நிலையத்தில் அவன் ஏதாவது எழுத்தில் கையெழுத்துப் போட்டானா என்றும் விசாரியுங்கள். சிறுவனிடம் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. அமெரிக்காவில் டிரிஸினும் லியோவும் 2004இல் தொகுத்த, பொய்யென்று நிரூபணமான 125 ஒப்புதல் வாக்குமூலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று சிறார் கொடுத்தவை. சூட்டிகையான பிள்ளையும், "ஒத்துக்கிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவோம்" என்ற ஒரே வார்த்தைக்கு மடங்கிவிடுவான்.

தாயாருக்கு ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள்: தெரியாது என்று நடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பள்ளி மதிப்பெண்ணும் உங்கள் வகுப்புப் பதிவும் அவன் சூட்டிகை என்று காட்டும்போது அந்த நடிப்பு ஒரு நிமிடம்கூட நிற்காது; பிறகு அவன் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள்.

பதில் 3: தண்டையார்பேட்டைவாசி

மேலே எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். எதிர்த்துப் பேசும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. ஆனால் என் சித்தப்பா மகனை வெட்டியவர்களில் ஒருவனுக்கு அப்போது 17 வயது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஒரு வேலையை முடிக்கத் திட்டமிடும்போதே, இவன் மைனர், மூன்று வருடத்தில் வெளியே வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டுத்தான் பையன்களைச் சேர்க்கிறார்கள். அது அந்தப் பையன்களுக்கும் தெரியும். அப்படியென்றால் விளைவு தெரிந்துதானே செய்கிறான்? அவனுக்காக வல்லுநர் வருகிறார், அறிக்கை வருகிறது. சித்தியிடம் இதுவரை ஒருவரும் வந்து எதுவும் கேட்டதில்லை.

பதில் 4: ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர், இராயபுரம்

தம்பி, உங்கள் சித்தியிடம் யாரும் வந்து கேட்கவில்லை என்பது முழு நியாயமான மனக்குறை. அதற்கு எந்த ஆய்வும் பதிலாகாது. ஆனால் பெரியவர்கள் மைனர்களைக் கணக்குப் போட்டுச் சேர்க்கிறார்கள் என்றீர்களே, அதைத் தனிக் குற்றமாகவே வைத்து, 83ஆம் பிரிவு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. என் பணிக்காலத்தில் அந்தப் பிரிவைக் குற்றப்பத்திரிகையில் பார்த்தது மிக அரிது. பையனைப் பெரியவனாக்குவதில் காட்டும் வேகத்தில் பாதியை, அவனைப் பயன்படுத்திய பெரியவனைப் பிடிப்பதில் காட்டினாலே உங்கள் ஏரியாவில் நிலைமை மாறும் என்பது என் துணிபு.

மேலும், மூன்று வருடம் என்று தெரிவது ஒன்று, அந்த மூன்று வருடம் எப்படியிருக்கும் என்று உணர்வது வேறு. "மூணு வருஷம்தானே" என்று என்னிடம் கெத்தாகச் சொன்ன பிள்ளைகள், கூர்நோக்கு இல்லத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா வராவிட்டால் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள்.

பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் ஊர் பாதுகாப்பாக இருக்குமா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அப்படி மாற்றப்பட்ட சிறார்கள் மீண்டும் கைதாகும் வாய்ப்பு, மாற்றப்படாதவர்களைவிட ஏறத்தாழ 34 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஃபிலடெல்ஃபியாவிலும் ஃபீனிக்ஸிலும் கடும் குற்றம் புரிந்த 1,354 பிள்ளைகளை 7 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பெரும்பாலோர் வயது ஏற ஏறக் குற்றத்திலிருந்து விலகினார்கள்; தொடர்ந்து அதே வேகத்தில் போனவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு என்பது உண்மைதான், ஆனால் நான் பார்த்த பிள்ளைகளிலும் கல்யாணமோ நிலையான வேலையோ வந்ததும் ஒதுங்கியவர்களே அதிகம்.

ஆசிரியரே, உளவியலாளரின் அறிக்கையைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது சமூக விசாரணை அறிக்கை. முதல் முறை குழுமத்தின்முன் நிறுத்திய 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் அதைத் தர வேண்டும். அந்த இரவின் சூழ்நிலை என்று சட்டம் கேட்பது அதில்தான் வரும். அவசரத்தில், "தகப்பன் குடிப்பவர், தீய நட்பு" என்று இரண்டே வரியில் எழுதி முடித்த அறிக்கைகள் எத்தனையோ. கேட்க வேண்டியவை வேறு: அவன் ஓட்டிய வண்டி யாருடையது, பெட்ரோலுக்குக் காசு கொடுத்தவர் யார், கையிலிருந்த செல்போனை வாங்கித் தந்தவர் யார், பள்ளியை விட்ட மாதத்துக்கும் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போன மாதத்துக்கும் இடையில் அவனைத் தேடி வீட்டுக்கு வந்தவர் யார். பெரும்பாலும் இந்த நான்குக்கும் ஒரே பெயர்தான் விடையாக வரும். அவனால் மறுத்திருக்க முடியுமா என்ற கேள்வி அங்கேதான் இருக்கிறது.

மீண்டும்: மாலை வகுப்பு ஆசிரியர், வியாசர்பாடி

அனைவருக்கும் நன்றி. தண்டையார்பேட்டை நண்பரே, இறந்தவரின் குடும்பமும் எங்கள் பகுதியிலேயே வசிப்பதால் நீங்கள் எழுதியதை நான் எளிதாகக் கடந்துவிட முடியாது. தாயாரிடம், கேட்டதற்கு உள்ளதை மட்டும் சொல்லும்படி பையனுக்குச் சொல்லுங்கள் என்று கூறிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது: உறவினரல்லாத நான், எனக்குத் தெரிந்ததைக் குழுமத்தின்முன் வைக்க வழியுண்டா?

பதில்: வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்

உண்டு. நன்னடத்தை அலுவலரை நேரில் பார்த்து எழுத்துமூலம் கொடுங்கள். அவர் தம் அறிக்கையோடு இணைப்பார். அத்துடன் பையனுடைய வழக்கறிஞர் வழியாகவும் குழுமத்தில் தாக்கல் செய்யுங்கள். வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லை என்றால் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரைக் குழுமத்திலேயே கேட்டுப் பெறலாம். நல்ல பையன் என்று நற்சான்று எழுதாதீர்கள், அதற்கு எடை கிடையாது. வருகைப் பதிவேட்டின் நகல், அவன் வருவது குறையத் தொடங்கிய மாதம், வெளியே வந்து அழைத்தவர் யார் என்று நீங்களே கண்ணால் பார்த்தது, இவற்றை எழுதுங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைப் பெற்று, அதைப் படித்துப் பதில் சொல்ல அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 101ஆம் பிரிவின்படி செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் இருக்கிறது.