ஸ்கார்னெக்கியாவின் வரிசை: நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

வூஸ்டரிலிருந்து ஓர் உறுப்பினர்:

2018 கோடையில், ஃபாக்ஸ்பரோவில் ஜில்லெட் மைதானத்துக்குப் பின்புறம், அமெரிக்கக் கால்பந்து அணியான பேட்ரியாட்ஸ் பயிற்சி செய்யும் திடலுக்கு என் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். அனுமதி இலவசம் என்பதால் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி நின்ற பக்கத்தையே மொய்க்க, தாமதமாகப் போன எங்களுக்கு, அவருக்கு அரணாக நிற்கும் தாக்குதல் வரிசை வீரர்கள் பயிலும் ஓரத்துக்கு எதிரேதான் இடம் கிடைத்தது. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அங்கே முந்நூறு பவுண்டுக்கும் மேல் எடையுள்ள இளைஞர்களுக்கு நடுவே அந்த வரிசையின் பயிற்சியாளர், எழுபது வயதான டான்டே ஸ்கார்னெக்கியா நின்றிருந்தார். நான் பார்த்த வரையில், பந்து கிளம்பியதும் முதல் அடியை எந்தக் காலால் வைப்பது, எதிரியின் மார்பில் கையை எங்கே பதிப்பது ஆகிய இரண்டையுமே அவர் அலுக்காமல் திருத்திக்கொண்டிருந்தார். வரிசையில் நிற்கும் ஐந்து பேரின் வேலை அப்படிப்பட்டது. பின்னோக்கி நகர்ந்துகொண்டே, முன்னோக்கிப் பாய்ந்து வருபவனைத் தடுக்க வேண்டும்; பிடித்து இழுத்தாலோ பத்து கெஜம் அபராதம். நால்வர் சரியாகச் செய்து ஒருவர் மட்டும் அரை அடி பிசகினாலும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார்.

அந்த ஆண்டுதான் ட்ரென்ட் பிரவுன் சான் பிரான்சிஸ்கோ அணியிலிருந்து இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தார். ஆறடி எட்டு அங்குல உயரம். அங்கே வலது ஓரத்தில் ஆடியவரை இங்கே இடது ஓரத்துக்கு, அதாவது பிரேடியின் முதுகைக் காக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் மூன்று பிளே ஆஃப் ஆட்டங்களிலும் சேர்த்துப் பிரேடி பந்தோடு வீழ்த்தப்பட்டது ஒரே ஒரு முறைதான். ராம்ஸ் அணியை 13-3 என வென்ற இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் அதில் அடக்கம்.

பிராவிடன்ஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் பார்த்தது அதற்கும் வெகு முன்னால். பயிற்சி முகாம் ஸ்மித்ஃபீல்டில் பிரையன்ட் கல்லூரியில் நடந்த கடைசி ஆண்டு, 2002. என்னுடன் வந்த நண்பர் கல்லூரிக் காலத்தில் மல்யுத்தம் செய்தவர். அவர் தேடி வந்தது ஸ்டீஃபன் நீலை. 1999-இல் உலக மல்யுத்தச் சாம்பியனான நீல், கல்லூரியில் ஒரு நாள்கூடக் கால்பந்து ஆடியதில்லை. அன்று அவர் நிற்கும் விதத்திலேயே தடுமாற்றம் தெரிந்ததாக எனக்கு நினைவு. விளம்பரத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று நான் அலட்சியமாகச் சொன்னேன். நீல் 2004-இல் அந்த ஐவர் வரிசையில் நடுவருக்கு வலப்பக்கம் நிற்கும் வலது கார்டாக நிலைபெற்று, அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலையும் வென்று, 2010 வரை அதே அணியில் ஆடினார். என் நண்பர் இன்றுவரை என்னை விடுவதில்லை.

இப்படி ஒருவரை உருவாக்கும் பொறுமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஸ்கார்னெக்கியா 1970-இலேயே கல்லூரி அணிகளில் பயிற்சி அளிக்கத் தொடங்கியவர். 1982-இல் பேட்ரியாட்ஸுக்கு வந்தார். இடையில் இரண்டு ஆண்டுகள் இண்டியானாபொலிஸில் இருந்ததைத் தவிர, தலைமைப் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தபோதும் இவர் நீடித்தார்.

நாஷுவாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

புகழ்ச்சியில் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். 2013 பருவத்தோடு ஸ்கார்னெக்கியா ஓய்வுபெற்றார். அடுத்த பருவத்திலேயே அவர் இல்லாமல் அணி சூப்பர் பௌலை வென்றது. ஆனால் அதற்கு அடுத்த பருவத்தை மறக்க முடியவில்லை. 2016 ஜனவரியில் டென்வரில் நடந்த ஆட்டத்தை வீட்டில் பத்துப் பேர் கூடிப் பார்த்தோம். பிரேடி அடிபட்டு விழுந்த எண்ணிக்கை இருபதை ஒட்டிச் சென்றது; மூன்றாம் கால்பகுதிக்குப் பிறகு யாரும் பேசவில்லை. 20-18 எனத் தோற்றோம். இடது ஓர வீரர் நேட் சோல்டர் காயத்தால் பருவத்தின் பெரும்பகுதி ஆடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பயிற்சியாளர் இல்லாத குறையில் ஏற்றுவது நியாயமல்ல. இருந்தாலும் அந்தத் தோல்விக்குப் பின் அணி செய்த முதல் காரியங்களில் ஒன்று, அறுபத்தெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த அவரைத் திரும்ப அழைத்ததுதான். வந்த முதல் பருவத்திலேயே, 28-3 எனப் பின்தங்கிய சூப்பர் பௌலை 34-28 என வென்றார்கள்.

2020-இல் மீண்டும் விடைபெற்றார். 2023-இல் அணியின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது மைக் வ்ரேபலை. ஸ்கார்னெக்கியா வந்தது ரசிகர் வாக்கெடுப்பு இல்லாத பங்களிப்பாளர் பிரிவின் வழியாக.