தாத்தாவின் ஓப்பினெல் மடக்குக்கத்தி: பிடி உப்பிவிட்டது, அலகும் தேய்ந்துவிட்டது. இனியும் வேலைக்கு எடுக்கலாமா?

குருசுக்குப்பத்துக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பியவர். எங்கள் தெருவில் அவரைச் சொல்தா (பிரெஞ்சில் படைவீரர்) என்றுதான் அழைப்பார்கள். அவர் கொண்டுவந்த 8ஆம் எண் ஓப்பினெல் மடக்குக்கத்தி இன்றும் எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்குகிறது. வாழையிலை நறுக்குவது, மாங்காய் அரிவது, சாக்குப்பை பிரிப்பது, படகில் நைலான் கயிறு அறுப்பது என எல்லாவற்றுக்கும் அதையே எடுப்போம். அலகு முழுவதும் கறுத்திருக்கிறது. நடுப்பகுதி பிறைபோல் உள்வாங்கித் தேய்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பியபோது நுனி ஒடிந்தது. அதைச் சரிசெய்வதற்காகச் சாணை பிடிப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் மின்சாரச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்த சில நொடிகளிலேயே நுனி நீலமாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த இடத்தில் கூர் ஒரு நாள்கூட நிற்பதில்லை. இவை போதாதென்று, ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பிடி உப்பிக்கொள்கிறது. அலகை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. கத்தியை விரித்து வைக்கும்போது பூட்டிக்கொள்ளும் வளையம், மடக்கி வைக்கும்போது எதையும் பிடிப்பதில்லை, அதுவும் பழுதுதானா? இந்தக் கத்தியை மீட்க முடியுமா, அல்லது கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதையா என்று சொல்லுங்கள்.

லியோன்வாசி:

வணக்கம் நண்பரே. முதலில் வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பழுதே இல்லை. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ழோசப் ஓப்பினெல் 1890இல் இந்தக் கத்தியை உருவாக்கியபோது அதற்குப் பூட்டே கிடையாது. விரித்த அலகு கைமேல் மடங்கிவிடாமல் காக்கும் சுழல் வளையத்தை அவருடைய மகன் மார்செல் 1955இல்தான் சேர்த்தார். மடக்கிய நிலையிலும் பூட்டும்படி அதைத் திருத்தியமைத்தது 2000ஆம் ஆண்டில். ஆகவே உங்கள் கத்தி இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. தாத்தா திரும்பிவந்த ஆண்டு தெரிந்தால் இன்னும் நெருங்கிக் கணக்கிடலாம். அலகில் முடிசூட்டிய கை ஒன்று பொறித்திருக்கும், பாருங்கள். மூன்று விரல்களை நீட்டிய அந்தக் கை, சவோயில் உள்ள சேன் ழான் த மொரியேன் நகரின் சின்னம். மேலே இருப்பது சவோய் அரசகுலத்தின் முடி.

பிடி பீச் மரம். ஈரத்தை இழுத்துக்கொண்டால் மரம் உப்பி, அலகு படுத்திருக்கும் பள்ளத்தின் இரு சுவர்களும் நெருங்கிவிடும். பிரான்சிலும் மழைக்காலத்தில் இது நடப்பதுதான். நகத்தால் இழுத்துப் போராடாமல், பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அலகு சற்றே வெளியே எட்டிப்பார்க்கும். இதற்குச் 'சவோய்க்காரர் தட்டு' என்றே பெயர் உண்டு. ஆனால் தட்டுவது அந்த நேரத்துக்கு மட்டும் உதவும் வழி. நிலையான தீர்வு வேண்டுமானால், கத்தியை விரித்து, வெயிலில் வைக்காமல் நிழலில் ஒரு வாரம் உலரவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் மரம் வெடிக்கும். பிறகு மெல்லிய மணல்தாளை மடித்துப் பள்ளத்தின் உட்சுவர்களை மட்டும் சிறிது தேய்த்து இடம் உண்டாக்கி, ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று முறை ஊறவிட்டு உலர்த்துங்கள். அந்த எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும் தன்மையுடையது என்பதால் ஈரம் உள்ளே போவதைக் குறைக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்து உலர்த்தியபின் அப்புறப்படுத்துங்கள்.

பாகூர்த் தச்சன்:

நான் நாற்பது ஆண்டுகளாக உளியும் இழைப்புளியும் தீட்டிவருபவன். உங்கள் பதிவில் என்னை வருத்தியது பெயின்ட் டப்பா அல்ல, அந்த நீல நிறம். கரிமம் கூடிய எஃகு அலகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிரவைத்து முறுக்கேற்றிய பிறகு ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் பதமாக்கியிருப்பார்கள். ஓடும் சக்கரத்தில் மெல்லிய நுனியை வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் அது 300 பாகையை நெருங்கிவிடும். நீலம் படர்ந்தால் பதம் போயிற்று என்று பொருள். இரும்பு மென்மையாகிவிட்ட இடத்தில் எத்தனை முறை தீட்டினாலும் கூர் மழுங்கிக்கொண்டேதான் இருக்கும். வீட்டில் அந்தப் பதத்தை மீட்க வழியில்லை. நீலம் ஏறிய அளவுக்கு நுனியைக் கையால் தேய்த்து நீக்குவதுதான் வழி. அப்படிச் செய்யும்போது கூர்ப்பக்கத்திலிருந்து தேய்க்காமல், முதுகுப் பக்கத்தைக் கல்லில் வைத்துச் சரித்துக் கொண்டுவந்து கூரோடு சேர்த்துவிடுங்கள். நல்ல எஃகு வீணாகாமல் புதிய நுனி கிடைக்கும். தொட்டுப் பார்க்கும்போது வெதுவெதுப்பாக உணர்ந்தால் உடனே தண்ணீரில் தோய்க்க வேண்டும்.

நடுவில் விழுந்திருக்கும் பிறை உழைப்பால் வந்ததன்று. கயிறும் வாழையிலையும் ஐம்பது ஆண்டுகளில் தின்னும் இரும்பைவிட, சக்கரத்தில் ஐந்து முறை கொடுத்தால் போகும் இரும்பு அதிகம். அடியையும் நுனியையும் விட்டுவிட்டு நடுவை மட்டும் அழுத்தித் தீட்டுகிறவர்களின் கத்தி இப்படித்தான் ஆகும். அகலமான தட்டைக் கல்லில், ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 பாகைச் சாய்வில், அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்துப் பழகுங்கள். பிசிர் எழுந்ததும் மறுபக்கம் திருப்புங்கள். கடைசியில் தோல்வாரில் நான்கு முறை வழித்தால் போதும். பிறையை ஒரே நாளில் நிரவிவிட முயல வேண்டாம், ஓராண்டில் தானாகச் சமனாகும்.

கறுப்பைச் சுரண்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாங்காய்ப் புளிப்பும் வாழைப்பாலும் ஏற்றிய அந்தப் படிவு எஃகோடு ஒட்டிநின்று துருவைத் தாமதப்படுத்தும். சிவந்து உதிர்வதே துரு. அது மேலும் மேலும் உள்ளே தின்னும், அதை மட்டும் எடுங்கள். கடற்காற்று வீசும் ஊரில் வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, அலகில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவது எந்நாளும் தவறக்கூடாத கடமை. அலமாரியில் வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இனி நெம்புவதற்கு அதை எடுக்காதீர்கள். முறுக்கேறிய எஃகு அறுக்கத்தான் ஆகும், அதுவும் இப்போது மெலிந்துபோயிருக்கிறது.

ஒட்டுக்கன்று:

தச்சர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுகிறவள் என்ற முறையில் என் கையில் பல மடக்குக்கத்திகள் தேய்ந்திருக்கின்றன. மெலிந்த அலகு பழத்துக்கும் இலைக்கும் ஏற்றது. ஈரம் ஏறி இறுகிய நைலான் கயிற்றை அதனால் அறுப்பது ஆபத்து. கயிறு சட்டென விடும் நொடியில் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வளையமும் பழையது. படகுக்கு வேறு கத்தி வாங்குங்கள், இதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயை அலகில் மட்டும் தடவுங்கள். மரத்தில் ஊறினால் அது இறுகாது, நாளடைவில் சிக்கு நாற்றம் வரும்.

குருசுக்குப்பத்துக்காரன்:

மூவருக்கும் நன்றி. தாத்தா திரும்பியது 1972இல் என்று அம்மா சொன்னார். லியோன் நண்பரின் கணக்கு பொருந்துகிறது. நிழலில் ஒன்பது நாள் உலர்த்திய பிறகு அலகு ஒற்றை நகத்துக்கே வந்துவிட்டது. நுனியில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீலம் இருந்தது. தச்சர் ஐயா சொன்னபடி முதுகுப் பக்கமாகத் தேய்த்து நீக்க இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. நேற்று அந்த நுனியால் தக்காளித் தோலைக் கீறிப் பார்த்தேன், அழுத்தாமலே இறங்கியது. படகுக்கு வேறு கத்தி வாங்கிவிட்டோம். மணல்தாளைப் பள்ளத்தின் உள்ளே மட்டும்தான் போட்டேன். பிடியின் வெளிப்புறத்தில் வளையத்துக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. தாத்தா இடக்கையர், அவர் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் அது. அங்கே எண்ணெய் மட்டும் தடவியிருக்கிறேன்.